அனுமதிக் கடிதத்துக்குப் பிறகு: செவிலியர் ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

செவிலியர் கல்வி நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆய்வு நெறிமுறைக் குழுக்களில் பணியாற்றும் உறுப்பினர்களுக்கும், ஆய்வு மாணவர்களின் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

இன்று நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இல்லாமல் செவிலியர் ஆய்வு எதுவும் தொடங்குவதில்லை. பின்னிணைப்பில் அந்தக் கடிதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேர்வாளர் ஆய்வேட்டின் மற்றப் பக்கங்களைப் புரட்டுகிறார். அரை நூற்றாண்டுக்கு முன்பு பல இடங்களில் இப்படி ஓர் ஏற்பாடே இருந்ததில்லை என்பதால் இதைச் சிறிய முன்னேற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், ஆய்வேடுகளுக்கு வழிகாட்டியும் அவற்றை மதிப்பிட்டும் வருகிற ஒரு செவிலியர் ஆசிரியர் என்ற முறையில் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. குழுக்களின் உழைப்பு ஏறத்தாழ முழுவதும் ஆய்வு தொடங்குவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. தவறுகளில் பெரும்பாலானவை அனுமதி கிடைத்த மறுநாளிலிருந்து, நோயாளியின் கட்டிலருகிலும் தரவுத் தாளிலும் கணினியிலும் ஆசிரியர் பட்டியலிலும் நடக்கின்றன. உங்கள் உழைப்பில் ஒரு பகுதியை அந்தப் பக்கம் திருப்புங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

குழு ஒன்று கூடி ஆராய்ந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை அசைக்கக்கூடிய வரலாறு நம் தொழிலுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி நகரைச் சுற்றியுள்ள பகுதியில், 1932-இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. கிரந்தி நோய் (சிஃபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்களும் அந்த நோய் இல்லாத 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன நோய் என்பது அவர்களிடம் சொல்லப்படவில்லை; ‘கெட்ட இரத்தத்துக்கு’ வைத்தியம் நடக்கிறது என்றுதான் சொல்லப்பட்டது. 1940-களின் நடுப்பகுதியில் பெனிசிலின் இந்த நோய்க்கு உரிய மருந்தாக நிலைபெற்ற பிறகும் அது அவர்களுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. மருத்துவர்கள் வந்தார்கள், மாறினார்கள், போனார்கள். தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் மாறாமல் இருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர். அவரும் கறுப்பினத்தவர். அந்த மனிதர்களைத் தன் வாகனத்தில் பரிசோதனைக்கு அழைத்து வந்தவர் அவர். அவர்கள் வீட்டு விவரங்களை அறிந்திருந்தவர் அவர். இறந்த பின் உடற்கூறு ஆய்வுக்குக் குடும்பத்தாரைச் சம்மதிக்க வைத்தவரும் அவரே. ஈமச் செலவுக்கான உதவித்தொகை அந்தச் சம்மதத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

ரிவர்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அந்த மனிதர்கள் மீது அவருக்கிருந்த அக்கறை உண்மையானது என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த அக்கறையால் விளைந்த நம்பிக்கைதான் ஆய்வை 40 ஆண்டுகள் இழுத்துச் சென்றது. உங்கள் கவனத்துக்கு நான் கொண்டுவர விரும்புவது 1969-ஆம் ஆண்டை. அந்த ஆண்டில் வல்லுநர் குழு ஒன்று கூட்டப்பட்டு, இந்த ஆய்வைத் தொடரலாமா என்ற கேள்வி அதன் முன் வைக்கப்பட்டது. தொடரலாம் என்றே குழு முடிவு செய்தது. துறைக்குள் பணிபுரிந்த பீட்டர் பக்ஸ்டன் 1966-லேயே எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்திருந்தும் பயனில்லாமல் போய், 1972-இல் செய்தி நாளிதழ்களில் வெளிவந்த பிறகுதான் ஆய்வு நின்றது. மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான அடிப்படை நெறிகளை அமெரிக்காவில் வகுத்து 1979-இல் வெளியான பெல்மான்ட் அறிக்கைக்கும், இன்று நீங்கள் அமர்ந்திருக்கும் குழுக்களின் அமைப்புக்கும் பெரிய தூண்டுகோலாக இருந்தது இந்த நிகழ்வுதான்.

இனி, கட்டிலருகே நடப்பதைப் பார்ப்போம்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்திய மாலை. மறுநாள் காலைக்கான மருந்துகளை எழுதி வைத்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, அதே செவிலியர் கையில் இன்னொரு தாளோடு வருகிறார். “எனக்கு ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது, ஐயா. உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடலாம்.” சொற்களில் குறையே இல்லை, தகவல் தாளில் உள்ளபடியேதான் அவர் பேசுகிறார். ஆனால் இரவு வலி எடுத்தால் மணியை அழுத்தி இவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று கட்டிலில் இருப்பவருக்குத் தெரியும். மறுத்தால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை என்பது நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்தத் தாள் கோப்பில் ஏறுகிறது. அதைப் பிற்பாடு பார்க்கும் எவருக்கும் அது முறையான ஒப்புதலாகவே தெரியும்.

உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வெளியிட்டு, கடைசியாக 2024 அக்டோபரில் திருத்திய, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கிப் பிரகடனம் இந்த இடத்தைத் தெளிவாகவே தொட்டிருக்கிறது: பங்கேற்பவர் தம்மிடம் ஒப்புதல் கேட்பவரைச் சார்ந்திருக்கும் நிலையில் இருந்தால், அந்தச் சார்புக்கு வெளியே உள்ள, தகுதியுள்ள வேறொருவர்தான் ஒப்புதலைப் பெற வேண்டும். மருத்துவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிதான் என்றாலும், நோயாளியோடு நாள் முழுவதும் இருக்கிற செவிலியருக்கு இது இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறது. ஆனால் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் ‘ஒப்புதல் பெறப்படும்’ என்ற செயப்பாட்டு வினைக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. யார் பெறுவார், எந்த வேளையில் பெறுவார், நோயாளி மயக்கமருந்தின் பிடியிலோ வலியிலோ இல்லாதபோதுதான் கேட்கப்படுமா, யோசிக்க ஓர் இரவாவது கொடுக்கப்படுமா என்று எழுதச் சொல்லுங்கள். ஆய்வு நடக்கும் நாளில் உங்களில் ஒருவர் வார்டுக்குப் போய், பங்கேற்பாளர்களில் இரண்டு மூன்று பேரிடம், “இந்த ஆய்வு எதற்காக என்று உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். மருந்து உட்கொள்ளும் முறையை விளக்கிய பின் நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்வது நமக்குப் பழகிய வழக்கம்தான். ஒப்புதலுக்கு மட்டும் அதை ஏன் விட்டுவிடுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

நோயாளிகளைவிட எளிதாகக் கைக்கு அகப்படும் இன்னொரு கூட்டமும் உண்டு: நம் மாணவர்கள். வகுப்பு முடிகிற நேரத்தில் ஆசிரியர் உள்ளே வந்து வினாத்தாள்களைக் கொடுக்கிறார், விருப்பமில்லாதவர்கள் வெளியே போகலாம் என்கிறார், எவரும் எழுந்திருப்பதில்லை. அகமதிப்பெண் போடுபவரின் கண்முன்னே எழுந்து போகும் மாணவர் எத்தனை பேர் இருப்பார்கள்? செவிலியர் மாணவர்களின் மன அழுத்தம், தூக்கம், தன்மதிப்பு பற்றி இத்தனை ஆய்வுகள் குவிந்திருப்பதற்கு, அவை மானுட குலத்தின் தலையாய கேள்விகள் என்பதைவிட அவர்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே பெரிய காரணமாக இருக்கும் என்று நான் ஐயுறுகிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் மேலும் சொல்லத் தேவையில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-இல் லான்செட் இதழில் வெளியாகி, 2010-இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது. அதன் முதன்மை ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு தம் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளிடம் தலைக்கு 5 பவுண்டு கொடுத்து இரத்த மாதிரி எடுத்தார் என்பதும் பிரிட்டிஷ் மருத்துவ மன்றத்தின் விசாரணையில் உறுதியான குற்றச்சாட்டுகளில் ஒன்று. எந்தக் குழுவின் அனுமதிக் கடிதமும் அந்த விழாவுக்குப் போகவில்லை.

அடுத்தது தரவு. இதைப் பற்றி நெறிமுறைக் குழுக்கள் பேசுவதே அரிது. அது வழிகாட்டியின் வேலை என்று குழுவும், மாணவரின் பொறுப்பு என்று வழிகாட்டியும், நேரமில்லை என்று மாணவரும் விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் உள்ள மூலத் தரவுப் பட்டியலை எடுத்து, சுவாச எண்ணிக்கை உள்ள பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே வாருங்கள். ‘ஒரு நிமிடம் முழுவதும் எண்ணப்பட்டது’ என்று முறையியல் அத்தியாயம் சொல்லியிருக்கும். பட்டியலிலோ 16, 20, 24, 20, 16, 20 என்று நான்கின் மடங்குகள் மட்டுமே இருக்கும். அதாவது, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கியிருக்கிறார்கள். அடுத்த பத்தியில் இரத்த அழுத்தம். இரண்டிரண்டு மில்லிமீட்டராகக் கோடு போட்ட கருவியில் கவனமாகப் படித்தால், பூச்சியத்தில் முடிகிற அளவுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். இங்கோ 110, 120, 130, 120 என்று எல்லாமே பூச்சியத்தில் முடிகின்றன. இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பாதி அவசரம், பாதி பழக்கம். ஆனால் அழுத்தத்தில் 4 மில்லிமீட்டர் குறைந்தது என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு என்றால், அளந்த கையின் வழக்கத்துக்கும் சிகிச்சையின் விளைவுக்கும் இடையே கோடு எங்கே என்று எவராலும் சொல்ல முடியாது. பங்கேற்பாளர்கள் கொடுத்த நேரமும் சிந்திய இரத்தமும் வீண்.

மருத்துவ ஆய்வுகளில் தரவுக்கென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட நியதிகள் புதியவை அல்ல: யார் பதிந்தார் என்பது தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், பார்த்த அந்த நேரத்திலேயே பதியப்பட வேண்டும், மூலப் பதிவாக இருக்க வேண்டும், துல்லியமாக இருக்க வேண்டும். நோயாளியின் குறிப்பேட்டில் இவற்றையெல்லாம் நாம் இம்மி பிசகாமல் கடைப்பிடிக்கிறோம். தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசுவதில்லை. ஒற்றைக் கோடு இழுத்து, பழையது தெரியும்படி விட்டு, பக்கத்தில் திருத்தி, கையெழுத்தும் நேரமும் இடுகிறோம். அதே செவிலியர் ஆய்வாளராக மாறியதும், வார்டில் துண்டுத் தாளில் குறித்ததை இரவில் விடுதி அறையில் புதிய படிவத்துக்கு ‘அழகாக’ மாற்றி எழுதிவிட்டுத் துண்டுத் தாளைக் கிழித்துப் போடுகிறார். வழிகாட்டிகளே, கறை படிந்த அந்தத் துண்டுத் தாளைத்தான் கேட்டு வாங்குங்கள். அழகாக இருப்பதை வாங்காதீர்கள்.

இதெல்லாம் ஒரு மாணவரின் ஆய்வேடுதானே, யாருக்கு என்ன கேடு என்ற முணுமுணுப்பை நான் கேட்டிருக்கிறேன். கேடு எப்படிக் கட்டில்வரை வரும் என்பதற்கு ஜெர்மானிய மயக்க மருந்தியல் வல்லுநர் யோவாகிம் போல்ட்டின் கதையைப் பாருங்கள். சிரைவழி ஏற்றப்படும் ஹைட்ராக்சிஎதில் ஸ்டார்ச் கரைசல் பற்றிய ஆய்வுகளில் பெயர்பெற்றவர் அவர். அவருடைய கட்டுரைகளில் 80-க்கும் மேற்பட்டவற்றுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றதற்கான ஆதாரமே இல்லை என்று தெரியவந்து, 2011-இல் அவற்றைத் திரும்பப் பெறுவதாக இதழாசிரியர்கள் அறிவித்தார்கள். பிறகு 2013-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு ஒன்று, அவருடைய ஆய்வுகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, கவலைக்கிடமான நோயாளிகளில் அந்தக் கரைசல் இறப்பையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கூட்டுவதோடு தொடர்புடையது என்று கண்டது. அவருடைய கட்டுரைகள் கணக்கில் இருந்தவரை அந்த ஆபத்து மங்கலாகவே தெரிந்தது. அந்தப் பாட்டில்களைத் தொங்கவிட்டு, சொட்டுகளின் வேகத்தைச் சரிசெய்து, சிறுநீரின் அளவைக் குறித்துவைத்தவர்கள் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய இதழில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் கைவிட வேண்டியதே. கொரோனாக் காலத்தில், 2020 மே 22 அன்று, 671 மருத்துவமனைகளில் 96,032 நோயாளிகளின் தரவு என்ற அறிவிப்போடு லான்செட் வெளியிட்ட கட்டுரை ஒன்று, ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மருந்தைப் பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிசோதனையையே இடைநிறுத்த வைத்தது. தரவை வைத்திருந்த சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் அதை வெளித் தணிக்கைக்குக் கொடுக்க மறுத்துவிட்டதால், உடன் ஆசிரியர்களே ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். தாங்கள் கையொப்பமிட்ட கட்டுரையின் மூலத் தரவு அவர்கள் கைக்கு வந்திருக்கவில்லை என்பதே இதில் எனக்கு இன்றும் வியப்பளிப்பது.

அதனால்தான் ஆசிரியர் பட்டியலை நான் மரியாதைக் கணக்காகப் பார்ப்பதில்லை. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: ஆய்வின் கருத்தாக்கத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ அறிவார்ந்த திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து பொருந்த வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகச் சேர்க்கப்படும் பெயர் இவற்றில் ஒன்றில்கூடத் தேறாது. தரவு கேள்விக்குள்ளாகும் நாளில் அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

அடுத்து நான் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். செவிலியர் முதுகலை ஆய்வேடுகளில் மிகப் பெரும் பங்கு ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: ஒரு நோயைப் பற்றிய அறிவை முன்சோதனையில் அளப்பது, கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டம் ஒன்றை நடத்துவது, ஏழாம் நாள் அதே வினாத்தாளைக் கொடுத்துப் பின்சோதனையில் மதிப்பெண் கூடியதைக் காட்டுவது. சொல்லிக்கொடுத்ததை ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். கூடாவிட்டால்தான் அது செய்தி. விடை முன்கூட்டியே தெரிந்த கேள்விக்காக நோயாளிகளின் நேரத்தையும் பொறுமையையும் எடுத்துக்கொள்வது அறிவியல் குறைபாடு மட்டுமன்று, நெறிமுறைக் குறைபாடும் ஆகும். குழுவில் இதை எழுப்பினால், ‘ஆபத்தில்லாத ஆய்வுதானே’ என்று அனுமதித்துவிடுகிறீர்கள். ஆபத்து இல்லை என்பது உண்மைதான். பயனும் இல்லையே.

இந்த அச்சு ஏன் நீடிக்கிறது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. ‘கருதுகோள் ஏற்கப்படவில்லை’ என்று முடியும் ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் தற்காக்க மாணவர்கள் அஞ்சுகிறார்கள். முடிவு தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்பதை மதிப்பிட உதவும் பி மதிப்பு, வழக்கமான வரம்பாகிய 0.05-க்கு மேலே போனால், வேறு சோதனையைப் போட்டுப் பார், அந்த நான்கு பேரை நீக்கிவிட்டுப் பார் என்று அறிவுரை கிடைக்கிறது. அறிவுரை எங்கிருந்து கிடைக்கிறது என்று வழிகாட்டிகளாகிய உங்களுக்குத் தெரியும். மருத்துவ இதழாசிரியர்களின் அதே குழு, முன்கூட்டியே பதிவுசெய்யாத மருத்துவப் பரிசோதனைகளை வெளியிடுவதில்லை என்ற விதியை 2005-இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது இத்தகைய பின்வாசல் திருத்தங்களை அடைக்கத்தான். மாணவர் ஆய்வுகளுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. முதன்மை விளைவு எது, மாதிரி அளவு எப்படிக் கணக்கிடப்பட்டது, எந்தச் சோதனை போடப்படும் என்ற மூன்றையும் அனுமதி விண்ணப்பத்திலேயே எழுதி வாங்கி, ஆய்வேடு வந்த பிறகு அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் இருந்தால் காரணம் கேளுங்கள். நேர்மையாக நடத்தப்பட்டு, விளைவில்லை என்று முடிந்த ஆய்வுக்கு மதிப்பெண் குறைக்கப்படாது என்பதை எழுத்தில் அறிவியுங்கள்.

எண்களுக்குப் பதிலாக நேர்காணல் போன்றவற்றின் வழியே அனுபவங்களை ஆராயும் பண்புசார் ஆய்வுகளில் சிக்கல் வேறு மாதிரி. பெயரை நீக்கி ‘பங்கேற்பாளர் 7’ என்று போட்டுவிட்டால் அடையாளம் மறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மேற்கோளுக்குக் கீழே ‘ஆண் செவிலியர், தீக்காயப் பிரிவு, 22 ஆண்டு அனுபவம்’ என்று அச்சாகியிருந்தால், அந்த மருத்துவமனையில் வேலை செய்யும் எவருக்கும் அது யார் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவர் அந்த நேர்காணலில் தன் மேலதிகாரியைப் பற்றிப் பேசியிருந்தால் பின்விளைவை அவர் ஒருவர்தான் சுமப்பார். அண்மைக் காலத்தில் இதைவிடக் கவலை தருவது, நேர்காணல் எழுத்துருக்களை அப்படியே செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஒட்டி, கருப்பொருள்களைப் பிரித்துத் தரச் சொல்வது. கருச்சிதைவைப் பற்றியும் குடும்ப வன்முறையைப் பற்றியும் ஒரு பெண் நம்பிப் பேசியது எந்த நிறுவனத்தின் சேமிப்பில் போய்ச் சேர்ந்தது என்று அந்த ஆய்வாளருக்கே தெரியாது. ஒப்புதல் தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இருந்திருக்காது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இதற்கென்று ஒரு கேள்வி இன்னும் இல்லையென்றால் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.

வார்டுக்குப் போக ஏது நேரம், தரவைச் சரிபார்க்க ஏது ஆள் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், குழு உறுப்பினர்களில் பெரும்பாலோர் கற்பித்தலுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே ஊதியமில்லாமல் இந்தப் பணியைச் செய்கிறீர்கள் என்பதை மறந்து நான் எழுதவில்லை. எல்லா ஆய்வுகளையும் பின்தொடரச் சொல்லவும் இல்லை. அனுமதித்த ஆய்வுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஒப்புதல் எப்படிப் பெறப்படுகிறது என்று நேரில் பார்ப்பதும், சில பங்கேற்பாளர்களின் மூலப் பதிவைக் கணினியில் ஏற்றப்பட்டதோடு ஒத்துப்பார்ப்பதும் போதும். எந்த ஆய்வு தேர்வாகும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதே பாதி வேலையைச் செய்துவிடும். நடந்துகொண்டிருக்கும் ஆய்வைக் கண்காணிக்கும் உரிமை நெறிமுறைக் குழுவுக்கு இருக்க வேண்டும் என்று ஹெல்சிங்கிப் பிரகடனமே சொல்வதால், இதற்குப் புதிய அதிகாரம் எதையும் நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை.

இறுதியாக, தவறைக் கண்டு சொல்ல வரும் மாணவரைப் பற்றி. பக்ஸ்டனின் முதல் எதிர்ப்புக்கும் அந்த ஆய்வு நின்றதற்கும் இடையே ஆறு ஆண்டுகள் கழிந்தன; அவர் அந்த ஆய்வில் பட்டம் பெற வேண்டியவராகவும் இருக்கவில்லை. வழிகாட்டியே எண்களை மாற்றச் சொன்னால் ஒரு முதுகலை மாணவி யாரிடம் போவார்? துறைத்தலைவரிடமா? அவர் பெயரும் அதே கட்டுரையில் இருக்கலாம். துறைக்கு வெளியே உள்ள ஒருவரை இதற்கென்று நியமித்து, அவரை எப்படி அணுகுவது என்பதை ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தின் அடியிலும் அச்சிடுங்கள். புகார் சொன்னவரின் ஆய்வேடு வேறொரு வழிகாட்டியிடம் மாற்றப்படும் என்ற உறுதியையும் அதோடு சேருங்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் அந்த அறிவிப்பை எவரும் பயன்படுத்தப்போவதில்லை.

இந்த மடலில் கேட்டிருப்பவற்றை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஏற்க முடியாதவை எவை, ஏன் என்பதையும் கூட்டக் குறிப்பில் பதிந்து, மாணவர்களும் பார்க்கும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செவிலியர் ஆய்வு கற்பிக்கும் ஓர் ஆசிரியர்